சொன்ன இடத்தில் நின்றவள்

“மச்சி, இதுல ஒருக்கா நில்லு. கொடியில கிடக்கிற உடுப்ப எடுத்திட்டு வாறன்” என்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போவேன். உடுப்பை எடுத்து, மடித்து வைத்து, அடுப்பில் கிடந்த கறியைப் பார்த்து, கோழிகளுக்குத் தீனி போட்டு, அவள் வந்ததையே மறந்துவிடுவேன். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது முன்பக்கம் வந்து பார்த்தால், வாசல் கடப்படியில், வெயிலில், விட்டுப்போன அதே இடத்தில் நிற்பாள்.

“ஏன்கா, உள்ள வந்து இரிக்கப்படாதா?”

“நீங்க இதுல நில்லு எண்டீங்களே ராத்தா.”

அதில் கோபம் இருக்காது. என்னைக் குத்திக்காட்டுகிற எண்ணமும் இருக்காது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றுகொண்டு சிரிப்பாள். முன்பல் ஒன்று கொஞ்சம் முந்தி நிற்கும், அதனால் சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

மருதமுனையில், கடலிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு கிடுகு வேலி. அவள் என் தங்கையோடு ஒரே வகுப்பில் படித்தவள், என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள், நான் அவளை மச்சி என்பேன். ஒருநாள் கணக்குப் படிப்பிக்கிற சேர் அவளை வெளியே நிற்கச் சொன்னாராம். சொன்னவர் மறந்துவிட்டார், பள்ளிக்கூடமும் விட்டுவிட்டது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய வாப்பா தேடிக்கொண்டு போனால், பூட்டிய வகுப்பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். “சேர் உள்ள வரச் சொல்லல்ல வாப்பா” என்றாளாம். அன்றைக்கு என் தங்கை அவளுக்குத் தபால் பெட்டி என்று பெயர் வைத்தாள். கலியாணம் முடித்து ஒரு பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. “ராத்தா, தபால் பெட்டி நடந்து வருது, பாருங்க” என்று தங்கை வேலிக்கு மேலால் சத்தம் போடுவாள். “கடிதம் போடுறதெண்டா போடுகா, வாயத் திறந்துதான் வெச்சிரிக்கன்” என்று இவளும் விடமாட்டாள்.

அவளுடைய மாப்பிள்ளை எங்கள் ஊர்த் தறிகளில் நெய்த சாறன்களை வாங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் விற்பவர். கலியாணம் முடித்த புதிதில் ஒரே ஒரு தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பயணத்தை அவள் எனக்குக் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பாள். மீன் கழுவும்போது சொல்வாள், நெல் அவிக்கும்போது சொல்வாள். நூறு தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டேன்.

“விக்டோரியா பார்க் எண்டு ஒரு தோட்டம் ராத்தா. வெள்ளைக்காரன் காலத்துல வெச்சதாம். இப்ப வேற பேரு, ஆனா அவர் அந்தப் பேரத்தான் செல்லுவாரு. அங்க ஒரு மரம். வேரெண்டா வேரா அது? நம்மட பள்ளிவாசல் மதில் உசரத்துக்கு நிலத்துக்கு மேல நிக்கிது. ரெண்டு வேருக்கு நடுவுல என்ன இரிக்க வெச்சிட்டு, நீ இஞ்சயே இரி, புறக்கோட்டையில சாமானக் குடுத்திட்டு ஓடி வாறன் எண்டு போனாரு.”

“ஓடி வந்தாரா?”

“ஓடி வந்தாரு, பொழுது பட்டு மஃரிபுக்கு.”

அதற்குள் மழை பெய்து விட்டிருந்தது. எல்லோரும் ஓடி ஒதுங்கினார்கள். அவள் அசையவில்லை. காவல்காரன் வந்து விசில் ஊதி, வாசலைக் காட்டிச் சிங்களத்தில் ஏசினான். “எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மாத்தயா ஒண்டுதான் ராத்தா. அவன் ஏசஏச நானும் மாத்தயா, மாத்தயா எண்டு செல்லிட்டே இரிந்தன். களைச்சுப்போய்ச் சிரிச்சிட்டுப் போயிட்டான்.” பிறகு அவர் ஓடி வந்து நனைந்த கோழிபோல இருந்தவளைப் பார்த்து, “மழ பேஞ்சா ஒதுங்கத் தெரியாதா? நீ மனிசியா மாடா?” என்று ஏசினாராம். ஏசிவிட்டுத் தலையைத் துவட்டிவிட்டாராம். “சரி, இனி இந்தக் கொழும்புல நாம ஆரும் தொலைஞ்சா இந்த மரத்தடிக்கு வாற. மற்றாள் எப்படியும் வந்து சேரும்” என்றாராம். தலை துவட்டிய இடம் வந்ததும் அவள் கதையை நிறுத்திவிட்டு மீனைப் பார்ப்பாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் அவளுடையதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வந்தது முழங்கால் தண்ணீர்தான். அவர்களுடைய மகள் பெரிய றோட்டுக்கு அந்தப் பக்கம் வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மூலையில் பாதி கட்டிக் கிடந்த வீட்டின் கொங்கிறீட் தட்டில் ஏற்றிவிட்டார். “நீ இஞ்சயே நில்லு. உம்மாவத் தூக்கிட்டு வாறன்” என்று இறங்கி ஓடினார். நடக்க முடியாத அவருடைய உம்மா, ஒழுங்கை திரும்பும் முடக்கில் இருந்த தாய் வீட்டில் கிடந்தார்.

நான் எதிர்ப்பக்கம் மதரஸாப் படிக்கட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முடக்கு எனக்கு நேரே தெரிந்தது. அவள் நின்ற தட்டிலிருந்து தெரியாது, ஒரு வீட்டுச் சுவர் மறைத்தது. அவர் உம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். நெஞ்சளவு தண்ணீர். இரண்டு கையையும் பின்னால் கொடுத்து உம்மாவின் கால்களைச் சேர்த்துக் கோத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், ஒரு கேற்றுத் தூண் இருந்தது. அப்போதுதான் இரண்டாவது அலை வந்தது. ஒரு கையை எடுத்திருந்தால் தூணைப் பிடித்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. மதில் போனது. அவரும் போனார், உம்மாவும் போனார். கோத்த கை கோத்தபடிதான் தண்ணீருக்குள் போனது. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

கண்டதை அவளிடம் சொல்லவில்லை. அன்று பின்னேரமே கரைப்பக்கம் போயிருந்த என் கணவரை ஒரு தோணிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். எனக்கு நாக்கு இல்லாமல் போயிற்று. அவள் மறுநாள் லுஹர் வரைக்கும் அந்தத் தட்டில் நின்றாள். மகள் கீழே நின்று, “உம்மா, இறங்குங்க உம்மா” என்று கதறினாள். “வாப்பா வரட்டும் புள்ள. இஞ்சயே நிக்கச் சொன்னாரு” என்றாள். கடைசியில் நாலு பேர் ஏறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் அவருடைய உம்மாவின் மையத்து களப்புக் கரையில் கிடைத்தது. அவருடையது கிடைக்கவே இல்லை.

எங்களைக் கொண்டுபோய் வைத்த முகாமில் நான் இத்தா இருந்தேன். கணவன் மௌத்தானால் நாலு மாசமும் பத்து நாளும் பிற ஆண் முகம் பார்க்காமல் மறைவில் இருக்க வேண்டும். தகரக் கொட்டிலில் மறைவுக்கு எங்கே போவது? இரண்டு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் இருந்தேன். வெளியே அவள் நின்றாள். “ஆரும் வராமப் பாத்துக்கொள்ளுகா” என்று என் தங்கை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், அது போதும். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தார். கூட வந்த தமிழ்ப் பையன் சேலையை விலக்கப் போனான்.

“உள்ள ஆளிரிக்கி, வராதீங்க.”

“எத்தின பேர் இருக்கிறாங்க, அக்கா? பார்த்து எழுத வேணும்.”

“ஒராள். இத்தாவுல.”

“அவங்களை ஒருக்கா வெளியில வரச் சொல்லுங்களன்.”

“தம்பி, என்ன வெளியில நிக்கச் சொல்லியிரிக்கி. அவவ உள்ள இரிக்கச் சொல்லியிரிக்கி. ரெண்டு பேரும் சொன்னபடிதான்.”

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாளாம். வெள்ளைக்காரர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சேலைக்குப் பின்னால் இருந்து நான் சிரித்தேன். கடலுக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

அவளோ இத்தா இருக்கவில்லை. “அவர் மௌத்தெண்டு ஆரு கண்ட?” என்று ஊரெல்லாம் கேட்டாள். வழியில் போகிறவர், வருகிறவர், மீன்காரர், பள்ளிவாசல் லெவ்வை, எல்லோரிடமும் கேட்டாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நான் வாய் திறக்காதவள், கண்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒரு மாசம் போனது. ஒரு மாசம் போன பிறகு எப்படிச் சொல்வது? ஒரு வருஷம் போனது. ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றால் என்ன பதில்? பிந்தப்பிந்த அந்தச் சொல் கனத்துக்கொண்டே போனது.

வீட்டுத் திட்டத்துக்கு நாங்கள் மாறின பிறகு ஒருநாள் தண்ணீர்ப் பைப்படியில் என் காதோரம் வந்தாள்.

“ராத்தா, ஒங்களுக்கு மட்டும் செல்லுறன். அவர் இரிக்காரு. உம்மாட மையத்து மட்டும் தனியாக் கிடைச்சிதெண்டா என்ன அர்த்தம்? தண்ணிக்குள்ள கை வழுக்கியிரிக்கும், உம்மாவ விட்டிருப்பாரு. அந்த வெட்கத்துலதான் ஊருக்கு முகம் காட்டாம எங்கயோ கிடக்காரு. ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்காக அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேக்கிறன். வெட்கம் கொறைஞ்சா வருவாரு.”

என் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. “பைப்பப் பூட்டுகா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் தன்னளவில் காத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பாதிப்பில்லை. மகள் வளர்ந்துகொண்டு வந்தாள். ஒரு பெண்ணின் நிக்காஹுக்கு வலி வேண்டும், அவளைப் பொறுப்பாக நின்று கொடுக்கும் ஆண். வாப்பா இருந்தால் வாப்பாதான் வலி. அவர் மௌத்தென்றால் அவருடைய மூத்த காக்கா, பிள்ளைக்குப் பெரிய வாப்பா, நின்று நிக்காஹ் செய்து கொடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: வாப்பா இருக்கிறாரா, இல்லையா? முதலில் வந்தவர்களிடம், “இரிக்காரு, வருவாரு, கொஞ்சம் பொறுங்க” என்றாள். அவர்கள் பொறுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே போயிற்று. லெவ்வை வந்து வாசலில் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னார்.

“மௌத்தெண்டு செல்லுங்க, பெரிய வாப்பா வலியா நிப்பாரு. இல்ல, ஆள் எங்க எண்டு தெரியா எண்டு செல்லுங்க, காதியாரிட்ட வழக்குக்குப் போவம். ரெண்டுல ஒண்டச் செல்லுங்க தங்கச்சி.”

“ரெண்டும் இல்ல லெவ்வ. அவர் வருவாரு. என்ன நிக்கச் சொல்லிட்டுத்தான் போனவரு.”

மூன்றாவதாக சாய்ந்தமருதுப் பையன் ஒருவனைப் பேசி வந்தபோது மகளுக்கு இருபது வயது. பையனுக்கும் அவளை விருப்பம். நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை என் வீட்டுக் குசினியில் வந்து உட்கார்ந்து அழுதாள். “மாமி, ஒரு சொல்லுத்தானே. உம்மாக்கு நீங்க செல்லுங்களன்.” உம்மா பின்னாலேயே வந்து நின்றாள். “என்ட வாயால நான் அவர மௌத்தாக்க மாட்டன்” என்றாள். அதுவரைக்கும் அவள் அப்படிக் கடுமையாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அது நாட்டில் யுத்தம் முடிந்த வருஷம். றோட்டுகள் திறந்துகொண்டு வந்தன. எனக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது, கொழும்பு கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். என் தம்பி தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். துணைக்கு ஒரு பெண் வேண்டும். நான் கேட்கும் முன்னமே, “நான் வாறன் ராத்தா” என்றாள். ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் கண்ணைக் காட்டி முடிந்தது. தம்பி எங்களை விக்டோரியா பார்க் வாசலில் இறக்கிவிட்டு, அசருக்கு வருவதாகச் சொல்லிச் சாமான் ஏற்றப் போனான். எனக்கு ஒரு கண்ணில் கட்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்த் தெருவில் நடப்பதுபோல விறுவிறு என்று நடந்தாள். எதிரே வெள்ளை வெளேரென்று நகர மண்டபம் தெரிந்தது. உள்ளே இரும்புக் கதிரைகளில் இளம் சோடிகள், நல்ல வெயிலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

“இதென்னகா, மழ இல்லாமக் குடை?”

“பாக்காதீங்க ராத்தா. கண்ணுல மருந்து போட்டிரிக்கி.”

“மற்றக் கண்ணுல போடல்லையே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். மதில்போல வேர் எழும்பி நின்ற மரம் ஒன்று இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. குளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது. ஒவ்வொன்றிடமும் போய் வேரைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி முதலாவதற்கு வந்தாள். மறுபடியும் இரண்டாவதற்குப் போனாள். எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மூன்றையும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் புல்லில் சேலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பையைத் திறந்தாள். ஒரு மடித்த சாறனும் ஒரு சேட்டும் மேலே இருந்தன. கீழே சோற்றுப் பார்சல். மாளிகாவத்தையில் நாங்கள் தங்கிய வீட்டில் விடியச் சுபஹுக்கு எழும்பி அவளே கட்டியது. தம்பி கடையில் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். நாங்கள் இரண்டு பேர். பார்சல் மூன்று இருந்தது.

நாங்கள் எங்களுடையதைச் சாப்பிட்டோம். கச்சான் விற்கிறவன் வந்து போனான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள். தூரத்தில் ஒரு ஆண் தனியாக நடந்து வந்தால் அவள் கழுத்து நீளும். ஆள் கிட்ட வந்ததும் கழுத்து இறங்கும். எத்தனை தடவை அப்படி ஏறி இறங்கியது என்று சொல்ல மாட்டேன். ஒரு கண்ணால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசருக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வான் வந்தால் இவள் எழும்ப மாட்டாள். எழும்பினாலும் அடுத்த வருஷம் வருவாள். அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு அடுத்த வருஷம் இல்லை.

“மச்சி, அவர் வரமாட்டார்” என்றேன்.

“வருவாரு ராத்தா. வெட்கம் கொறையணும்.”

“அவருக்கு வெட்கப்பட ஒண்டும் இல்லகா. அவர் உம்மாவ விடல்ல.”

அவள் திரும்பினாள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. மதரஸாப் படிக்கட்டைச் சொன்னேன். முடக்கைச் சொன்னேன்.

“எந்தக் கையால புடிச்சிருந்தாரு?”

“ரெண்டு கையாலயும். பின்னால கோத்து.”

“அந்த முடக்குல கேற்றுத் தூண் இரிந்ததே.”

“இரிந்தது. கையெட்டுற தூரம்.”

“புடிக்கல்லையா?”

“புடிச்சா உம்மாவ விடணும்.”

ஒரு காய்ந்த இலையை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்தாள்.

“அப்ப, தண்ணிதான் பிரிச்சிரிக்கி.”

“ஓம்.”

“நான் அவர உம்மாவ விட்ட மனிசன் எண்டு நினைச்சிட்டு இரிந்தனே ராத்தா. அவர் செய்யாத பாவத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் மன்னிப்புக் கேட்டனே.” கொஞ்சம் பொறுத்து, மெல்லச் சொன்னாள்: “நீங்க பக்கத்துக் கொட்டில்ல இரிந்தீங்க.”

அவள் ஏசியிருந்தால், அடித்திருந்தாலும் கூட, எனக்கு இலேசாக இருந்திருக்கும். பையை மூடினாள். மூன்றாவது பார்சலைக் குப்பை கூட்டிக்கொண்டிருந்த கிழவருக்குக் கொடுத்தாள். தம்பி எங்களை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தான், வந்து கூப்பிடுவதாக. அவள் எழும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். நான் கட்டுப்போட்ட கண்ணோடு தடவித்தடவிப் பின்னால் போனேன்.

ஊருக்கு வந்த அன்றே லெவ்வையைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு, “எனக்கு இத்தா எண்டைக்குத் தொடங்குது?” என்று கேட்டாள். மகள் வெள்ளைச் சேலை தேடப் போய்விட்டாள். லெவ்வை தலையைக் குனிந்துகொண்டு, இத்தா மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, அறியாமல் இருந்தாலும் அந்த நாலு மாசமும் பத்து நாளும் எப்போதோ கடந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்று விளங்கப்படுத்தினார்.

“அப்ப, அவருக்காக எனக்கு இரிக்க ஒண்டும் இல்லையா?”

“இல்ல தங்கச்சி.”

அவள் சரி என்றாள். தேடி எடுத்து வந்த சேலையை மகளிடமே மடித்துக் கொடுத்தாள்.

பெருநாள் கழித்து நிக்காஹ் நடந்தது. பெரிய வாப்பா வலியாக உட்கார்ந்தார். பதிவு எழுத வந்தவர் பெண்ணின் வாப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினார். காலமானவர் என்றால் பெயருக்கு முன்னால் ஒரு சொல் போட வேண்டும். திரைக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “முன்னால மர்ஹூம் எண்டு போடுங்க” என்று ஆண்கள் பக்கம் கேட்கும்படி சொன்னாள். மையத்தாகக்கூட வந்து சேராத ஒரு மனிதரை அந்த ஒரு சொல்லில் அவளே கொண்டுபோய் அடக்கினாள் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நின்றதில்லை. பஸ் தரிப்பிடத்தில் பஸ் வரும்வரை நிற்க மாட்டாள், அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பாள். அங்கேயும் நிற்காமல் கல்முனை வரைக்கும் நடந்து போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு இருக்கச் சொன்னால், மருந்து வாங்காமலே எழும்பி வந்துவிடுவாள். “தபால் பெட்டிக்குக் கால் முளைச்சிட்டு” என்று என் தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என்னோடு கதைப்பதை அவள் நிறுத்தவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும். பேரப்பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் முதலில் என் மடியில்தான் கொண்டுவந்து வைத்தாள். அந்த மரத்தடி நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. பிறகு எங்கள் இருவருக்கும் சீனி வருத்தம் வந்து டொக்டர் நடக்கச் சொன்னபோது, சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரை றோட்டில் ஒன்றாகத்தான் கிளம்புவோம். என் கால் முந்திப்போல இல்லை, பாதி வழியில் பின்தங்கிவிடுவேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய புடவை மட்டும் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். மச்சி, நில்லு என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் மௌத்தாகும் வரைக்கும் நான் கூப்பிடவில்லை.